சிவப்புச் சட்டைக்கு நான் கட்டிய கதை

ஒரு வீடியோ கேமில் ஒரே ஆள் மாற்றிப் போட்டுக்கொண்ட இரண்டு சட்டைகளை இரட்டைப் பிள்ளைகள் என்று நம்பினேன். நம்பியதோடு விட்டேனா? அவர்களுக்குப் பிறந்த ஊர், பிரிந்த காரணம், ஒருவன் நெற்றியில் தழும்பு வந்த விதம் எல்லாம் கொடுத்து, பதினோரு வருடம் பதுளை டவுனில் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். சண்டை கேம்களைப் பற்றி என்னிடம் கேட்க வருகிறவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது.

இப்போது கேட்டு வந்தவர்கள், நான் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த வீடியோ கேம் கடையை இன்று நடத்துகிற இரண்டு பேர். போன மாதம் அவர்களுக்கு ஒரு கலெக்டர்ஸ் எடிஷன் வந்ததாம். சாதாரண கேம் சிடி மாதிரி ஒரு தட்டாக, சின்னப் பெட்டியில் வரும். இதுவோ பெரிய அட்டைப்பெட்டி. உள்ளே பொம்மை, படப்புத்தகம், துணியில் அச்சடித்த வரைபடம், பாட்டுத் தட்டு என்று ஒரு சீர்வரிசையே இருக்கும். எல்லாம் இருந்தது, கேம் தட்டை மட்டும் காணோம். அதற்குப் பதில் ஒரு துண்டுச் சீட்டில் ஒரு நீள நம்பர். அதை அடித்து கேமை இறக்கிக்கொள்ள வேண்டுமாம். கல்யாண வீட்டுக்குப் போனவர்களுக்கு மாப்பிள்ளையைக் காட்டாமல் மாப்பிள்ளையின் டெலிபோன் நம்பரைக் கொடுத்தனுப்பிய மாதிரி. அதைப் பார்த்ததும் அவர்களுக்கு என் ஞாபகம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் எப்படி இருந்தது என்று எழுதித் தாருங்கள், எங்கள் பேஜில் போடுகிறோம் என்றார்கள். முழங்கால் மடங்காத மனிதனுக்கு உட்கார்ந்தபடி செய்ய இருக்கிற வேலை இது ஒன்றுதான். எழுதுகிறேன்.

கேம் கடைக்கு வருமுன் அப்புத்தளைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் உர ஸ்டோரில் இருந்தேன். அங்கே ஆட்குறைப்பு நடந்தபோது முதலில் குறைந்த ஆள் நான். வேலை தேடி பதுளைக்கு வந்து, பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு படிக்கட்டில், மேலே தையல் கடை இருக்கிறது என்று நினைத்து ஏறினேன். மேலே நாலு டீவி, நாலு மெஷின், ஒரு நீள பெஞ்சு. கண்ணாடி போட்ட ஒருவர் ஏதோ தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன வேலை தெரியும் என்று கேட்டார். மூட்டை அடுக்கத் தெரியும் என்றேன். அப்படியென்றால் பொறுமை இருக்கும் என்று அவராகவே முடிவு செய்து என்னைச் சேர்த்துக்கொண்டார். அவர் கணக்குத் தவறியதாக எனக்குத் தெரிந்து அது ஒரு தடவைதான்.

அவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். யாழ்ப்பாணத்துக்காரர். பதுளைப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் டியூஷன் கொட்டில் போடுவார் என்று ஊர் எதிர்பார்த்தது. அவர் கேம் கடை போட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கிற மாதிரி முகம் அவருக்கு இல்லை. சத்தம் போட்டுப் பேசியதை நான் கண்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நம்மைப் பார்ப்பார். அவ்வளவுதான். அடுத்த நிமிடம் நாம் செய்ததோடு செய்யாததையும் சேர்த்து ஒப்புக்கொள்வோம்.

முதல் இரண்டு கிழமை என்னை மெஷினைத் தொட விடவில்லை. பழுதான ஒரு தட்டைக் கையில் தந்து பிடித்துப் பழகச் சொன்னார். விளிம்பில் பிடிக்கவேண்டும், மினுங்கும் பக்கத்தில் விரல் படக்கூடாது. துடைக்கும்போது நடுவிலிருந்து வெளியே நேராக இழுக்கவேண்டும். வீட்டில் கோப்பை கழுவுகிற பழக்கத்தில் வட்டமாகத் துடைத்தால் கீறலும் வட்டமாக விழும், தட்டு அதோடு போச்சு. மழைக்காலத்தில் அப்புத்தளையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் நனைந்து வருகிறவர்களுக்கு வாசலில் ஒரு துவாய் தொங்கும். கை துடைக்காமல் எவரும் உள்ளே வர முடியாது. ஒரு தடவை ஒரு பொலிஸ்காரரும் துடைத்துவிட்டுத்தான் வந்தார். அவர் வந்தது எங்களை விசாரிக்க.

விளையாட்டு அரை மணித்தியாலக் கணக்கில். மேசையில் பாடசாலை மணி ஒன்று இருந்தது. மாஸ்டர் அடித்தால் அடித்ததுதான், அடுத்த ஆள் உட்காரவேண்டும். இந்த மணியிலிருந்துதான் என் சீரழிவு தொடங்குகிறது.

சண்டை கேம் என்றால் சண்டை மட்டும் இல்லை. நடுநடுவே கதை வரும். யார் யாருக்கு என்ன உறவு, எதற்கு அடித்துக்கொள்கிறார்கள் என்று சினிமா மாதிரி ஓடும். சில நேரம் பத்து நிமிடமும் ஓடும். ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர் தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டிருக்க மணி அடித்துவிட்டது. மனிதர் ஒரு குத்துக்கூட விடாமல் எழுந்து போனார். மாஸ்டர் அன்றைக்கு என்னிடம் சொன்னார்:

“இனிமேல் கதை ஓட விடாதையும். அது ஓடுற நேரமும் அவையின்ரை அரை மணித்தியாலத்துக்குள்ளைதான் போகுது. அது நியாயமில்லை.”

அன்றிலிருந்து கதை தொடங்கியதும் ஒரு பொத்தானை அமுக்கித் தாண்டிவிடுவது எங்கள் கடை வழக்கம். புதிதாக வருகிறவருக்கு நான் முதலில் காட்டிக்கொடுப்பது அந்தப் பொத்தானைத்தான். ஆக, அந்தக் கதையை எங்கள் கடையில் ஒரு மனிதர் முழுதாகப் பார்த்ததில்லை. நான் உட்பட.

ஆனால் பெஞ்சில் முறைக்குக் காத்திருக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? அந்தக் குடை வைத்திருக்கிற பொம்பளை யார், இவன் ஏன் கண்ணைக் கட்டியிருக்கிறான் என்று கேட்பார்கள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொல்லும் பழக்கம் எங்கள் பரம்பரையில் இல்லை.

எங்கள் கடையில் அதிகம் ஓடிய கேமின் இங்கிலீஷ் பெயர் யார் வாயிலும் நுழையாது. பெட்டியில் ஏழு கதவு போட்டிருக்கும், அதனால் எங்களுக்கு அது ஏழு வாசல். அதில் குடையால் அடிக்கும் ஒரு பெண் உண்டு. குடைக்காரியின் அப்பாவை ஏழாம் வாசலுக்குள் அடைத்துவைத்திருக்கிறார்கள், அவரை மீட்கத்தான் அவள் புறப்பட்டாள் என்றேன். கண்ணைக் கட்டியவர் சாமிக்கு நேர்த்தி வைத்திருக்கிறார் என்றேன். இரும்புப் பல் வைத்த தடியன் ஒருவன் உண்டு. அவனுக்கு ஆரம்பத்தில் வெறும் பல்வலிதான், வைத்தியர் செய்த வேலை அது என்றேன். பிறகு, நீலச் சட்டை வீரன் ஒருவன். கேமை நிறைய தடவை ஜெயித்தால் எக்ஸ்ட்ரா என்று சில முகங்கள் கீழ் வரிசையில் புதிதாகத் திறக்கும். அங்கே அதே சாயலில், நெற்றியில் தழும்போடு, சிவப்புச் சட்டையில் ஒருவன் வந்து நின்றான். தனி முகம், தனி இடம். நான் வேறு என்ன நினைப்பேன்? இரட்டையர். வெள்ளத்தில் பிரிந்தவர்கள். ஆளையாள் தெரியாமல் அடித்துக்கொள்கிறார்கள். சிவப்பும் நீலமும் மோதும்போது பெஞ்சு முழுக்க டீவிப் பக்கம் சாயும்.

போனில் தேடிப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். தனக்குத் தெரியும் என்று இருக்கிறவன் எதைத் தேடுவான்?

என் கதைகளை மிக உன்னிப்பாகக் கேட்டவள் செல்வராணி. பெரகலைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில், தூள் சலிக்கும் அறையில் வேலை. முப்பது வயதிருக்கும். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருவாள். ஆண்கள் நிறைந்த கடையில் தனியாக வந்து உட்காரும் ஒரே பெண். முதல் நாள் சிரித்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரையும் குடைக்காரியை வைத்தே அடித்துப்போட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு பெஞ்சில் இடம் விட்டார்கள்.

உள்ளே வரும்போதே தொடங்குவாள்.

“என்னண்ணே, குடைக்காரி அப்பாவ வெளிய எடுத்துட்டாளா, இல்ல இன்னும் காலைப் பெரட்டுல பேர் குடுத்துக்கிட்டு நிக்கிறாளா?”

பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் பதிகிற இடம். சிரிப்பின் நடுவே இருமுவாள். ஆரம்பத்தில் பஸ் புழுதி என்றாள். பிறகு தேயிலைத் தூசி என்று தெரிந்தது. டாக்டர் அந்த அறையை விட்டு வெளியே வரச் சொல்லியிருந்தார். வெளியே என்றால் எங்கே? மலைக்குக் கொழுந்து பறிக்க ஏற மூச்சு இடம் கொடுக்காது. ஃபேக்டரியில் வேறு அறை கேட்டாள், கிடைக்கவில்லை.

அப்போதுதான் கொழும்புக் கம்பனி ஒன்று ஆள் கேட்டது. மலையகத்து டவுன்களில் கேம் கண்காட்சி வைக்கிறார்களாம், வருகிறவர்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டுமாம். படிப்பு முக்கியமில்லை, விளையாடத் தெரியவேண்டும், வாய் வேண்டும். விளம்பரத்தை மாஸ்டர்தான் வெட்டி எடுத்து அவளிடம் கொடுத்தார். நேர்முகத்துக்குக் கூப்பிட்டுக் கடிதமும் வந்தது. பண்டாரவளையில், ஒரு செவ்வாய்க்கிழமை. தெரிந்த ஒரு கேமை எடுத்து, பத்து நிமிடம் அதன் ஆட்களையும் கதையையும் சொல்லவேண்டும்.

“எனக்கென்னண்ணே பயம், ஏழு வாசல் பூரா எனக்கு மனப்பாடம்” என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதையும் எழுதவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின சனிக்கிழமை, ஏழு வாசல் மூன்றாம் பாகத்தின் கலெக்டர்ஸ் எடிஷன் வந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் மாஸ்டர் மூலம் வரவழைத்திருந்தார். எங்கள் கடைக்கு வந்த முதல் பெரிய பெட்டி. அதைப் பிரிக்க மாஸ்டர் ஒரு முறை வைத்திருந்தார். மேசையைத் துடைத்து வெள்ளைத் துணி விரித்தார். கை கழுவினார், என்னையும் கழுவச் சொன்னார். சொந்தக்காரர் முன்னால் வந்து உட்காரும்வரை தொடவில்லை. மேலுறையை அடிப்பக்கத்தில், பொருத்து இருக்கிற கோட்டில் மட்டும் பிளேடால் ஒரு இழுப்பு. முன்பக்கம் கிழியாது. பிறகு பின்புறத்துப் பட்டியலை ஒவ்வொன்றாக வாசித்தார், நான் ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் வைத்தேன். தகரப் பெட்டி, உள்ளே தட்டு. ஒரு சாண் உயரக் குடைக்காரி பொம்மை, குடை தனியாக. ஏழு வாசலின் துணி வரைபடம். இது எத்தனையாவது பெட்டி என்று நம்பர் போட்ட அட்டை. கடைசியாகக் கெட்டி அட்டைப் புத்தகம்: முதல் பாகத்திலிருந்து எல்லாருடைய கதையும் படத்தோடு.

டாக்டர் புத்தகத்தைத் திறந்து, வாய்விட்டு வாசித்து, இடையிடையே தமிழில் சொன்னார். நான் அவர் சொல்லப்போவதைத் தலையாட்டி ஆமோதிக்கத் தயாராக நின்றேன். குடைக்காரியின் அப்பாவை உள்ளே அடைத்தவளே குடைக்காரிதானாம். ஏழாம் வாசலின் சாவி அவள் குடைப்பிடிக்குள் இருக்கிறதாம். கண் கட்டியவருக்குக் கண் நன்றாகத் தெரியுமாம், பந்தயக் காசு பிடிக்கச் செய்த ஏமாற்றாம். நீலச் சட்டைக்காரனின் பக்கத்தில் சிவப்புச் சட்டைப் படமும் இருந்தது. கீழே ஒரு வரி. போர்க்கால உடை, ஆள் அதே ஆள்.

“பதினோரு வருடத்துக்கு முந்தி இது எங்கள் பெஞ்சுக்குத் தெரிந்திருந்தால்” என்று ஏதோ பகிடி விடப் பார்த்தேன். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். டாக்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்வரை அப்படியே இருந்தார்.

“அந்தப் பிள்ளைக்குச் சொல்லவேணும்” என்றார் பிறகு. “நான் சொல்லமாட்டன். கதை கட்டினது நீர்.”

நாளைக்கு வருவாள், சொல்லிவிடுகிறேன் என்றேன். ஞாயிறு அவள் வரவில்லை. அவளிடம் போன் இருந்தது, எடுக்கவில்லை. திங்கட்கிழமை காலை மாஸ்டர் என்னைக் கடையில் உட்காரவே விடவில்லை. பஸ் பிடித்து அப்புத்தளை போய், அங்கிருந்து பெரகலை வீதியில் வேன் ஒன்றில் தொங்கி, பிறகு நடை. பேக்கரியில் மீன் வைத்த மாலு பாண் நாலு வாங்கிக்கொண்டேன். கெட்ட செய்தியை வெறுங்கையோடு கொண்டுபோவது சரியில்லை என்று பட்டது. வழி முழுக்க மூடுபனி. வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே ஏறினேன். ராணி, நான் சொன்ன கதை பிழை. ஐந்து சொல். ஐந்தும் பாடமாக இருந்தது.

தேநீர் நேரத்தில் அவள் ஃபேக்டரி வாசலுக்கு வந்தாள். மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணி கட்டியிருந்தாள். புருவம் பூராவும் தேயிலைத் தூள். துணியை அவிழ்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்த பிறகே பேச முடிந்தது. நேற்று ஏன் வரவில்லை என்று கேட்கத் தேவை இருக்கவில்லை. கூட வேலை செய்யும் ஏழெட்டுப் பெண்கள் பின்னாலேயே வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஏழு வாசல் கதை அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான்தான் அந்தக் கதைக்காரர் என்று அவள் சொன்னதும் ஒரு அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எனக்கு இடம் விட்டார். வாழ்க்கையில் எனக்கு யாரும் அப்படி இடம் விட்டதில்லை.

அண்ணனுக்குச் சொல்லிக் காட்டு என்றார்கள். அவள் சொன்னாள். மூச்சு எங்கே விடவேண்டும் என்பதைக்கூட அளந்து வைத்திருந்தாள். குடைக்காரி அப்பாவைத் தேடிப் போகும் இடத்தில் மழை பெய்தது. நான் சொன்னபோது மழை இருக்கவில்லை, அது அவள் சேர்த்தது. இரட்டையர் மோதும் இடத்தில், எனக்கு இடம் விட்ட அம்மா கண்ணைத் துடைத்தார். கதையை முடித்துவிட்டு செல்வராணி என்னைப் பார்த்தாள்.

“எதாச்சும் பெசகிருக்காண்ணே? இருந்தா இப்பவே சொல்லிருங்க.”

“ஒண்ணுமில்ல ராணி. நல்லா இருக்கு” என்றேன்.

அவள் வாயில் கதை அவ்வளவு அழகாக இருந்தது, கெடுக்க மனம் வரவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி. எட்டுப் பெண்கள் முன்னால் முட்டாளாக எனக்கு விருப்பமில்லை என்பது மீதி. மாலு பாணை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு இறங்கினேன். இறங்கும்போது ஐந்து சொல்லும் நன்றாக ஞாபகம் இருந்தது.

சொன்னீரோ என்று மாஸ்டர் கேட்டார். சொன்னேன் என்றேன். நல்லது என்று மணியைத் துடைக்கத் தொடங்கினார்.

அடுத்த ஞாயிறு அவள் வந்தாள். உட்காரவில்லை. நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்களாம், ஒருவருக்கு அந்தக் கேம் கரைத்துக் குடித்த மாதிரி தெரியுமாம். அவள் முடிக்கும்வரை பொறுத்திருந்து, டீவியைப் போட்டு, கதையை ஓடவிட்டு, முதல் இரண்டு வாசலைக் காட்டியிருக்கிறார்.

“நீங்க இந்தக் கேமப் பாத்ததே இல்லியான்னு கேட்டாங்க. ஏழு வருசமா வெளையாடுறேன்னு சொன்னேன். அதுக்குத்தான் ரொம்பச் சிரிச்சாங்க” என்றாள். பிறகு, “உங்களுக்கும் தெரியாதாண்ணே?” என்று கேட்டாள்.

மாஸ்டர் என் பக்கத்தில் நின்றார். நான் தெரியாது என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. அதற்குப் பிறகு என்னைப் பார்க்கக் கண்ணாடியைக் கழற்றியதே இல்லை. வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. தட்டு, துணி, கதவு, விளக்கு என்று வேலைக்கு வேண்டிய சொற்களை மட்டும் பேசி, அவர் கடையை விற்றுவிட்டு யாழ்ப்பாணம் திரும்பும்வரை ஆறு வருடம் ஒன்றாக இருந்தோம். அடி வாங்கியிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். செல்வராணி மீண்டும் கடைக்கு வரவில்லை. சலிக்கும் அறையிலேயே இருக்கிறாள் என்று அந்தப் பக்கத்து வேன்காரர் சொன்னார். நான் கதை சொல்வதை நிறுத்தினேன். பெஞ்சில் யாராவது புதிய கேம்களின் கதையைக் கேட்டால் தெரியாது என்பேன். அது முதல் தடவையாக உண்மையாகவும் இருந்தது.

தம்பிமாரே, நீங்கள் கேட்டது பெட்டிகளைப் பற்றி. நான் வேறெங்கோ போய்விட்டேன். ஆனால் பெட்டியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். இன்னும் ஒன்று மட்டும் பாக்கி.

எனக்குச் சீனி வியாதி. மாதம் ஒரு முறை பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போவேன். இந்த வருடம் மழை தொடங்கின நேரம் ஒரு நாள், நெஞ்சு கிளினிக் வரிசையில் செல்வராணி உட்கார்ந்திருந்தாள். ஸ்வெட்டர் போட்டு, கையில் ஊதி இழுக்கிற மருந்துக் குழாயை வைத்துக்கொண்டு. மெலிந்திருந்தாள். போன வருடம்தான் ஃபேக்டரியை விட்டு நின்றாளாம், பக்கத்தில் இருந்த அவள் தங்கச்சி சொன்னாள். நான் அவள் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன். என் வரிசை வேறு, நம்பர் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை பெட்டி பிரித்தது, புத்தகத்தில் இருந்தது, திங்கட்கிழமை அதைச் சொல்லத்தான் மலை ஏறினேன் என்பது, வாசலில் நின்று வாயை மூடிக்கொண்டது, மாஸ்டர் முன்னால் தெரியாது என்றது. நடுவில் இரண்டு பகிடியும் விட்டேன், பழக்க தோஷம். தங்கச்சி ஒன்றுக்குச் சிரித்தாள். செல்வராணி எதிர்ச் சுவரைப் பார்த்தபடி கடைசிவரை கேட்டாள். மன்னிப்பு என்ற சொல்லையும் சொன்னேன், இரண்டு தடவை. அவள் மருந்துக் குழாயின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏதாச்சும் சொல்லு ராணி. ஏசுறதுன்னாலும் ஏசு” என்றேன்.

அவள் குழாயை வாயில் வைத்து இழுத்து, கொஞ்சம் பொறுத்து, என் பக்கம் திரும்பினாள்.

“மூச்சு வாங்குது, என்னயப் பேச வைக்காதீங்க.”